நாய் உணவில் பட்டாணியும் பருப்பும்: சிறுகுடலில் செரிப்பது எது, பெருங்குடலில் நொதிப்பது எது?

வளர்ந்த நாய் ஒன்றுக்குத் தானியமில்லா உலர் உணவு ஒன்றைப் புதிதாகக் கொடுக்கத் தொடங்கியபின் மலம் இளகி, அதன் அளவும் கூடி, வாயுத் தொல்லையும் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பையின் பின்புறத்தில் பட்டாணி, பட்டாணிப் புரதம், மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை ஆகியவை முதல் ஏழு பொருள்களுக்குள் நான்கு இடங்களைப் பிடித்திருக்கின்றன என்றும், புரதம் 28, கொழுப்பு 14, நார் 4, ஈரம் 10 விழுக்காடு என்று அச்சிடப்பட்டிருக்கிறது என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இவை வயிற்றை நிரப்புவதற்காக மட்டும் சேர்க்கப்படுபவையா, உண்மையிலேயே ஊட்டம் தருபவையா, இதய நோய் பற்றிய செய்திகளை எவ்வளவு தூரம் பொருட்படுத்த வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள்.

பயறு வகைகளை வெறும் நிரப்புப் பொருள் என்று ஒதுக்குவது சரியன்று. அவற்றின் புரதத்தை இறைச்சிப் புரதத்துக்கு நிகராக எண்ணுவதும் சரியன்று. ஒரு பிடி பட்டாணி மாவு நாயின் உடலுக்குள் போனதும் அதன் ஒரு பகுதி சிறுகுடலில் செரிமானமாகி நாய்க்கு உணவாகிறது. எஞ்சிய பகுதி பெருங்குடலை அடைந்து அங்கே வாழும் நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது; அவை அதை உடைப்பதே நொதித்தல். இந்தப் பங்கீடு எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்துத்தான் நன்மையும் தொல்லையும் அமைகின்றன. பையில் அச்சிடப்படும் எண்கள் அந்தப் பங்கீட்டைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

முதலில் பயறுகளின் உள்ளடக்கத்தைப் பார்ப்போம். உலர்ந்த பட்டாணியிலும் மைசூர்ப் பருப்பிலும் புரதம் 23 முதல் 25 விழுக்காடு வரையும், மாவுச்சத்து ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரையும் இருக்கும். கொழுப்பு 1 அல்லது 2 விழுக்காடுதான். கொண்டைக்கடலையில் புரதம் சற்றுக் குறைவு, கொழுப்பு சுமார் 6 விழுக்காடு. சோயா இந்த வரிசையில் சேராது: அதில் புரதம் 36 விழுக்காட்டுக்கும் மேல், கொழுப்பு 20 விழுக்காட்டை ஒட்டியும், மாவுச்சத்து மிகச் சொற்பமாகவும் இருக்கும். பொட்டாசியம், மக்னீசியம், இரும்பு, ஃபோலேட் ஆகியவை எல்லாப் பயறுகளிலும் தாராளமாக உண்டு. பாஸ்பரசும் உண்டு, ஆனால் அதன் பெரும்பகுதி ஃபைட்டேட் என்னும் சேர்மத்துக்குள் அடைபட்டிருப்பதால் நாய்க்கு அது முழுமையாகக் கிடைப்பதில்லை.

புரதத்தின் அளவைக் காட்டிலும் அதன் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களின் அமைப்பு முக்கியமானது. பயறுப் புரதத்தில் லைசின் நிறைய உண்டு. கந்தகம் அடங்கிய மெத்தியோனினும் சிஸ்டீனும் குறைவு. தானியங்களில் இது தலைகீழாக இருக்கும் என்பதால் இரண்டையும் சேர்க்கும்போது ஒன்றன் குறையை மற்றொன்று ஓரளவு ஈடு செய்கிறது. தானியத்தை முழுவதுமாக நீக்கிவிட்டு அந்த இடத்தைப் பயறுகளால் நிரப்பும் உணவில் இந்த ஈடு இல்லாமல் போகிறது; அந்தப் பொறுப்பு முழுவதும் இறைச்சியின் மீதும், தனியாகச் சேர்க்கப்படும் மெத்தியோனின் மீதும் விழுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் பின்பற்றப்படும், தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோவின் அளவுகோலின்படி, வளர்ந்த நாயின் உணவில் உலர் எடையில் குறைந்தது 18 விழுக்காடு புரதமும், மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்து 0.65 விழுக்காடும் இருக்க வேண்டும். அதாவது 100 கிராம் புரதத்தில் ஏறத்தாழ 3.6 கிராம் இவ்விரண்டும் இருக்க வேண்டும் என்று பொருள். பட்டாணிப் புரதத்தில் 100 கிராமுக்குச் சுமார் 2.4 கிராம்தான் இருக்கிறது. கோழி இறைச்சிப் புரதத்தில் 4 கிராம் அளவில் இருக்கிறது. எனவே 18 விழுக்காடு புரதம் முழுவதும் பட்டாணியிலிருந்தே வந்தால் கிடைப்பது 0.43 விழுக்காடு, அது போதாது. உங்கள் பையில் உள்ள 28 விழுக்காட்டை ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் 31 விழுக்காடு ஆகும். அதில் பாதி பயறு, பாதி கோழி என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 1 விழுக்காடு வருகிறது. தாளில் இது தேவைக்கு மேல்தான். ஆனால் தாளில் உள்ளது அனைத்தும் சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. மேலும், பாதிக்குப் பாதி என்பது என் அனுமானமே தவிர, பையில் எழுதப்பட்டிருக்கும் தகவல் அன்று. புரதத்தில் எவ்வளவு பங்கு எதிலிருந்து வருகிறது என்பதைப் பெரும்பாலான பைகள் சொல்வதில்லை.

பையின் எண்களைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான குழப்பங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அந்த எண்களைத் தரும் பகுப்பாய்வு முறை ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரை ஒட்டிய வெண்டே ஆய்வு நிலையத்தில் 1860களில் கால்நடைத் தீவனங்களுக்காக வகுக்கப்பட்டது. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கினால் வருவது கச்சா புரதம். அந்த நைட்ரஜன் தசையிலிருந்து வந்ததா, பருப்பிலிருந்து வந்ததா, புரதமே அல்லாத ஒன்றிலிருந்து வந்ததா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. 2007ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் மெலமைன் கலந்த கோதுமைப் பசையம் செல்லப்பிராணி உணவுகளில் புகுந்து விலங்குகளின் சிறுநீரகங்களைப் பாழாக்கியதும், நைட்ரஜன் மிகுந்த அந்த வேதிப்பொருள் இந்தக் கணக்கில் புரதமாகத் தோன்றியதால்தான்.

நார் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். உணவை அமிலத்திலும் காரத்திலும் கொதிக்க வைத்தபின் கரையாமல் எஞ்சுவதே கச்சா நார். பெரும்பாலும் செல்லுலோஸும் லிக்னினின் ஒரு பகுதியும்தான் அதில் தங்கும். பெக்டின் போன்ற கரையும் நார்கள், ஒலிகோசாக்கரைடுகள் என்னும் குறுஞ்சங்கிலிச் சர்க்கரைகள், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து ஆகிய எல்லாம் கரைந்து போய்விடும். பெருங்குடலில் நொதிப்பவை துல்லியமாக இவைதாம். உலர்ந்த பட்டாணியின் கச்சா நார் 5 அல்லது 6 விழுக்காடு என்றால், மொத்த உணவு நார் பெரும்பாலும் 15 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். உங்கள் பையின்படி புரதம் 28, கொழுப்பு 14, நார் 4, ஈரம் 10. சாம்பல் (தாதுக்கள்) 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 64. எஞ்சும் 36 விழுக்காட்டைப் பலரும் மாவுச்சத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். பயறு மிகுந்த உணவில் அந்த 36க்குள் கணிசமான பங்கு நாயின் நொதிகளால் தொட முடியாத பொருள்தான். ஆகவே, நார் 4 விழுக்காடு என்று எழுதியிருந்தும் மலம் ஏன் இவ்வளவு பெருகுகிறது என்று நீங்கள் கேட்டதற்கு விடை இந்த எண்ணுக்கு வெளியே இருக்கிறது.

இனி, அந்த உணவு குடலுக்குள் எப்படிப் பயணிக்கிறது என்று பார்ப்போம். நாய் மாவுச்சத்தைச் செரிக்க இயலாத விலங்கு என்ற கருத்து இன்றும் சொல்லப்படுகிறது. மாவுச்சத்தை உடைக்கும் கணைய நொதியான அமைலேஸுக்குரிய ஏ.எம்.ஒய்.2பி என்னும் மரபணு ஓநாயில் 2 நகல்களாகவே இருக்க, நாய்களில் 4 முதல் 30 நகல்கள் வரை இருப்பதை 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. வெந்த மாவுச்சத்தை நாய் நன்றாகவே செரிக்கும். ஆனால் பயறு மாவுச்சத்து அரிசி மாவுச்சத்தைப் போல எளிதில் மசிவதில்லை. அதில் நேர்ச்சங்கிலி அமைலோஸின் பங்கு அதிகம். போதாததற்கு, மாவுத் துகள்கள் தடித்த செல்சுவர்களுக்குள் அடைபட்டிருக்கின்றன. எனவே குளுக்கோஸ் இரத்தத்தில் மெதுவாக ஏறுகிறது. ஒரு பங்கு செரிக்காமலே பெருங்குடலை அடைகிறது. நீரிழிவு உள்ள நாய்க்கும் எடை குறைய வேண்டிய நாய்க்கும் இது பயன் தரும் குணம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில் வேகவைத்துப் பொடித்த வெள்ளை பீன்ஸை எடையில் 25 விழுக்காடு வரை சேர்த்த உணவை வளர்ந்த நாய்கள் ஏற்றுக்கொண்டன.

பெருங்குடலை அடையும் பொருள்களில் முதலில் நொதிப்பவை ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்னும் ஒலிகோசாக்கரைடுகள். சுக்ரோஸுடன் ஒன்று, இரண்டு, மூன்று என்று காலக்டோஸ் அலகுகள் தொற்றிக்கொண்ட சர்க்கரைகள் இவை. அந்தப் பிணைப்பை வெட்டும் ஆல்ஃபா காலக்டோசிடேஸ் என்னும் நொதி நாயின் சிறுகுடலில் சுரப்பதில்லை, மனிதனுக்கும் சுரப்பதில்லை. பயறுகளின் எடையில் சுமார் 2 முதல் 8 விழுக்காடு வரை இருக்கும் இவை அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. சோயாவில் ஸ்டாக்கியோஸும் பட்டாணியில் வெர்பாஸ்கோஸும் குறிப்பிடத்தக்கவை. சிறிய, நீரில் எளிதில் கரையும் மூலக்கூறுகள் என்பதால் நுண்ணுயிரிகள் இவற்றை மிக விரைவாக உடைக்கின்றன. வாயுவும் அதே வேகத்தில் உண்டாகிறது. உடைபடுவதற்கு முன்பு இவை நீரைத் தம்பால் இழுத்து வைத்துக்கொள்வதால் மலமும் இளகுகிறது.

இவற்றுக்குப் பிறகு மெதுவாக நொதிப்பவை செரிக்காத மாவுச்சத்தும், பருப்பின் உட்பகுதிச் செல்சுவரிலுள்ள பெக்டின் வகை நார்களும். தோலிலுள்ள செல்லுலோஸ் கிட்டத்தட்ட நொதிப்பதே இல்லை. அது மலத்தின் பருமனைக் கூட்டிவிட்டு வெளியேறுகிறது. ஆகவே தோலோடு கூடிய முழுப் பயறும், தோல் நீக்கி உடைத்த பருப்பும் பெருங்குடலில் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை.

நொதித்தலின் விளைபொருள்கள் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்ரேட் என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். பியூட்ரேட் பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்கு முதன்மை எரிபொருள். மூன்றும் சேர்ந்து குடலின் அமிலத்தன்மையைக் கூட்டுவதால் சில தீய நுண்ணுயிரிகளின் பெருக்கம் தடைபடுகிறது. நீரும் சோடியமும் உறிஞ்சப்படுவதற்கும் இவை துணை செய்கின்றன. நாயின் மொத்த ஆற்றல் தேவையில் இவற்றின் பங்கு சிறியது. நாயின் பெருங்குடல் குட்டையானது, அதன் தொடக்கத்திலுள்ள பையான குடல்வாய் மிகச் சிறியது. பசுவின் இரைப்பையோ குதிரையின் குடல்வாயோ செய்யும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே இங்கே நொதித்தலின் மதிப்பு கலோரியில் இல்லை, குடற்சுவரின் நலனில் இருக்கிறது.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. நுண்ணுயிரிகளுக்கு மாவுப்பொருள் கிடைக்காதபோது அவை செரிக்காத புரதத்தை உடைக்கத் தொடங்குகின்றன. அப்போது அம்மோனியா, ஃபீனால், இண்டோல், ஐசோவலரேட் போன்றவை பிறக்கின்றன. மலத்தின் கடும் நாற்றத்துக்கு இவற்றோடு கந்தகச் சேர்மங்களும் காரணம். நொதிக்கும் நார் போதிய அளவு சென்றால் புரதம் உடைபடுவது குறைகிறது. வாயுவின் அளவும் நாற்றமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒலிகோசாக்கரைடுகள் தரும் ஹைட்ரஜனுக்கும் கார்பன் டையாக்சைடுக்கும் வாசனை கிடையாது. உங்கள் நாய் விடும் வாயு அளவில் மிகுந்து நாற்றம் குறைவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் பயறுச் சர்க்கரைகள். நாற்றம் தாங்க முடியாத அளவுக்கு இருந்தால், உணவிலுள்ள புரதத்தின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் கீழே போகிறது என்று ஐயப்படலாம். அப்புரதம் பயறிலிருந்தும் வந்திருக்கலாம், அளவுக்கு மீறி வறுபட்ட இறைச்சித் தூளிலிருந்தும் வந்திருக்கலாம்.

ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. உண்ட புரதத்திலிருந்து மலத்தில் வெளியேறிய புரதத்தைக் கழித்து, இத்தனை விழுக்காடு செரித்தது என்று கூறுவது வழக்கமான முறை. பெருங்குடலில் நுண்ணுயிரிகள் தின்று தீர்த்த அமினோ அமிலங்கள் மலத்தில் தென்படாது என்பதால் அவையும் செரித்ததாகவே கணக்கில் ஏறும். உண்மையில் அவை நாய்க்குத் தசை ஆவதில்லை, அம்மோனியாவாக உறிஞ்சப்பட்டு யூரியாவாக வெளியேறுகின்றன. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. நொதிக்கும் நாரைத் தின்று பெருகிய நுண்ணுயிரிகளின் உடலே நைட்ரஜன் நிறைந்தது. அவை மலத்தோடு வெளியேறும்போது, சிறுகுடலில் நன்றாகச் செரித்த புரதமும் செரிக்காததுபோலத் தோன்றும். சிறுகுடலின் கடைசியில் மாதிரி எடுத்து அளக்கும் ஆய்வுகள்தாம் இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பவை. அவை செலவு மிக்கவை, எண்ணிக்கையிலும் குறைவு. குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உண்டானதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், மலத்தில் அளந்து கிடைப்பது எஞ்சியதன் அளவே அன்றி உண்டானதன் அளவு அன்று.

பதப்படுத்தும் முறை இத்தனையையும் மாற்றிவிடக்கூடியது. பச்சைப் பயறில் டிரிப்சின் தடுப்பான்களும் லெக்டின்களும் உள்ளன. முன்னவை புரதச் செரிமானத்தைத் தடுக்கும். பின்னவை குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு அதைச் சேதப்படுத்தும். உலர் நாய் உணவு தயாராகும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் ஈர மாவு 100 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும் நொடிக்கணக்கில் வேகிறது. மாவுச்சத்து மலர்ந்து, இந்தத் தடுப்புப் பொருள்களின் பெரும்பகுதி செயலிழந்துவிடுகிறது. ஒலிகோசாக்கரைடுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஃபைட்டேட்டும் அழிவதில்லை, அது துத்தநாகத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்வதால் உணவில் தனியாகத் துத்தநாகம் சேர்க்க வேண்டியிருக்கிறது. சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமியூட் இனங்களில் துத்தநாகத்தை உறிஞ்சுவதிலேயே பிறவிக் குறை உள்ள நாய்கள் உண்டு. அவற்றின் கண், வாய் ஓரங்களில் தோல் தடித்துச் செதில் உதிர்ந்தால், பயறு மிகுந்த உணவின் மீது ஐயம் கொள்வது நியாயமே.

பட்டாணிப் புரதம் என்று பையில் எழுதியிருப்பதும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. நன்றாக அரைத்த மாவைக் காற்றோட்டத்தில் பிரித்து, கனமான மாவுத் துகள்களை நீக்கி எடுப்பது ஒரு முறை. அதில் புரதம் 50 விழுக்காட்டை ஒட்டிச் செறிகிறது. கூடவே ஒலிகோசாக்கரைடுகளும் டிரிப்சின் தடுப்பான்களும் செறிகின்றன. நீரில் கரைத்து, அமிலத்தன்மையை மாற்றி, வீழ்படிவாக எடுப்பது மற்றொரு முறை. அதில் புரதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். சர்க்கரைகள் நீரோடு போய்விடும். இரண்டும் பையில் ஏறத்தாழ ஒரே பெயரில் வரக்கூடும். பெருங்குடலில் இரண்டும் செய்வது முற்றிலும் வேறு. பட்டாணி, பட்டாணிப் புரதம், பட்டாணி மாவுச்சத்து, பட்டாணி நார் என்று ஒரே பயிரை நான்காகப் பிரித்து எழுதும்போது, எடை வரிசையில் ஒவ்வொன்றும் கீழே இறங்கி, கோழி மேலே ஏறிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். அந்தக் கோழியும் ஈரத்தோடு எடைபோடப்பட்டது என்றால், அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர்.

இதய நோய் பற்றிய செய்திகளுக்கு வருகிறேன். 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பட்டாணி, பருப்பு, பிற பயறுகள், உருளைக்கிழங்கு ஆகியவற்றை முதன்மைப் பொருள்களாகக் கொண்ட உணவுகளை உண்ட நாய்களில் இதயத் தசை மெலிந்து இதயம் விரிவடையும் நோய் தென்படுவதை ஆராய்ந்து வருவதாக அறிவித்தது. 2014 ஜனவரி முதல் 2019 ஏப்ரல் இறுதி வரை வந்த 524 புகார்களில் 560 நாய்கள் இடம்பெற்றிருந்தன. அவற்றுள் 119 இறந்திருந்தன. புகாரில் குறிப்பிடப்பட்ட உணவுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தானியமில்லாதவை. 93 விழுக்காட்டில் பட்டாணியோ பருப்போ இருந்தது. அஞ்ச வேண்டிய எண்கள்தாம். ஆனால் தானியமில்லா உணவுகளில் பட்டாணி இல்லாதது அரிது என்பதால் இரண்டாவது எண் முதல் எண்ணையே வேறு வடிவில் சொல்கிறது. அறிவிப்பு வெளியானதை ஒட்டிப் புகார்கள் மளமளவெனப் பெருகின என்பதையும் அந்த நிர்வாகமே குறிப்பிட்டிருக்கிறது. 2022 நவம்பர் தொடக்கம் வரை வந்த புகார்கள் 1,382. காரணத்தை நிறுவ இந்தப் புகார்கள் போதா என்று கூறி, புதிய அறிவியல் தகவல் வரும்வரை பொது அறிவிப்புகளை நிறுத்திக்கொள்வதாக அந்த ஆண்டின் டிசம்பரில் அது தெரிவித்தது.

காரணமாக முதலில் சந்தேகிக்கப்பட்டது, இதயத் தசைக்குத் தேவையான டாரின் என்னும் அமினோ அமில வகைப் பொருளின் குறைபாடு. மெத்தியோனினையும் சிஸ்டீனையும் கொண்டு நாய் தன் கல்லீரலிலேயே டாரினை உண்டாக்கிக்கொள்ளும். பூனையால் அது போதிய அளவில் இயலாது. கொழுப்பைச் செரிக்க உதவும் தன் பித்த அமிலங்களை நாய் டாரினோடு மட்டுமே இணைக்கிறது. மனிதனைப் போல கிளைசினை மாற்றாகப் பயன்படுத்த அதனால் முடியாது. குடலுக்கு வந்த பித்த அமிலத்தில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்படும். நொதிக்கும் நார் அதைப் பிடித்துவைத்துக்கொண்டாலோ, நுண்ணுயிரிகள் பெருகி டாரினைக் கழற்றி உடைத்தாலோ இழப்பு கூடும். புரதம் குறைந்த உணவில், சர்க்கரை எடுக்கப்படும் பீட் கிழங்கின் நார் மிகுந்த சக்கையைச் சேர்த்தபோது நாய்களின் டாரின் நிலை தாழ்ந்ததை 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதில் பயறே இல்லை. அதற்கும் முன்பே, 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஆட்டிறைச்சித் தூளும் அரிசியும் கலந்த உணவை உண்ட நாய்களில் டாரின் குறைபாடு கண்டறியப்பட்டது. நியூஃபவுண்ட்லாந்து இனம் அவற்றுள் முக்கியமானது. அங்கும் பயறு காரணமன்று. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், கந்தக அமினோ அமிலங்கள் மட்டாகக் கிடைத்து, அதே உணவில் நொதிக்கும் நாரும் மிகுந்து, நாயின் இனமும் பெரிதாக அமையும்போது இழப்பும் உற்பத்தியும் ஈடுகொடுக்க முடியாமல் போகின்றன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம்.

ஆனால் இந்த விளக்கம் முழுக் கதையாகாது. நோயுற்ற நாய்கள் பலவற்றில் இரத்த டாரின் இயல்பான அளவிலேயே இருந்தது. அந்த நிர்வாகம் பரிசோதித்த தானியமில்லா உணவுகளிலும் தானியம் கலந்த உணவுகளிலும் மெத்தியோனின், சிஸ்டீன், டாரின் அளவுகள் சராசரியில் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இருவகை உணவுகளின் வேதிச் சேர்மங்களை ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில் மற்ற எந்தப் பொருளைக் காட்டிலும் பட்டாணியோடுதான் வேறுபாடுகள் அதிகம் தொடர்புபட்டிருந்தன. உணவை மாற்றியபின் சில நாய்களின் இதயம் கணிசமாகத் தேறியதும் பதிவாகியிருக்கிறது. பரம்பரையாக வரும் வகையில் இப்படித் தேறுவது அரிது. எனவே செய்தியை வதந்தி என்று தள்ளுவதற்கில்லை. பயறு இதயத்துக்கு நஞ்சு என்று சொல்லவும் சான்று இல்லை.

உங்கள் நாயைப் பொறுத்தவரை, மலம் இளகியதும் வாயு மிகுந்ததும் ஒலிகோசாக்கரைடுகளும் நொதிக்கும் நாரும் திடீரென்று கூடியதன் விளைவாகவே தோன்றுகிறது. பழைய உணவிலிருந்து புதியதற்கு 7 முதல் 10 நாள்களில் சிறிது சிறிதாக மாற்றியிருந்தால் இவ்வளவு தொல்லை வந்திராது. புதிய உணவுக்கு ஏற்ப நுண்ணுயிர்க் கூட்டம் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். பெரிய இன நாய்களில் உணவு பெருங்குடலில் நெடுநேரம் தங்கி மிகுதியாக நொதிப்பதால் சிறிய இனங்களைவிட அவற்றின் மலம் எளிதில் இளகும். உங்கள் நாய் பெரிய இனமாக இருந்தால் பழக்கத்துக்குப் பின்பும் இளக்கம் ஓரளவு தங்கலாம். மூன்று அல்லது நான்கு வாரங்களுக்குப் பிறகும் மலம் உருவாகாமல் இருந்தாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தமோ சளியோ தென்பட்டாலோ, அது பயறின் இயல்பான விளைவு என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். விரைவில் களைப்பது, இருமல், மயங்கி விழுவது ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே காட்ட வேண்டும். இதயத்தின் எக்கோ பரிசோதனையோடு இரத்த டாரின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உணவைத் தேர்வதில் என் சொந்தக் கருத்து இது: இறைச்சியும் தானியமும் இருக்க, பயறு ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாத உணவைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை, அந்த அளவில் அது பெருங்குடலுக்கு நன்மையே செய்யும் என்று எண்ணுகிறேன். முதல் ஏழில் நான்கு இடங்களைப் பயறுகளே பிடித்திருக்கும் உணவை, அதுவும் கோல்டன் ரெட்ரீவர், நியூஃபவுண்ட்லாந்து, டோபர்மேன் போன்ற இனங்களுக்கு, உணவு ஒவ்வாமை போன்ற தக்க காரணம் இல்லாமல் நான் கொடுக்கமாட்டேன். வீட்டிலேயே சமைத்துச் சேர்ப்பதானால், பயறை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் விரலால் நசுங்கும்வரை வேகவைத்து மசித்துக் கொடுங்கள். ஒலிகோசாக்கரைடுகளின் ஒரு பகுதி ஊறிய நீரோடு போய்விடும். மசிக்காத முழுப் பயறு பல நேரங்களில் மலத்தில் முழுசாகவே வெளிவரும். ராஜ்மாவைக் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்க வைக்காமல் கொடுக்கவே கூடாது. குறைந்த சூட்டில் நெடுநேரம் வேகவைத்தால் அதன் லெக்டின் அழியாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால் அவை சேர்ந்த பருப்பு எவ்வளவு சிறிதானாலும் வேண்டாம்.

தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்பதானால் இறைச்சி எத்தனை விழுக்காடு என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. மொத்த உணவு நாரின் அளவையும், உலர் எடையில் மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்த அளவையும், அது தயாரான உணவில் அளந்த எண்ணா அல்லது மூலப்பொருள் அட்டவணையிலிருந்து கணக்கிட்டதா என்பதையும், பட்டாணிப் புரதம் காற்றால் பிரித்ததா நீரால் பிரித்ததா என்பதையும் கேளுங்கள். சொந்தமாக ஊட்டச்சத்து நிபுணரை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இவை கடினமான கேள்விகள் அல்ல. சில நாள்களில் எண்களோடு பதில் வந்துவிடும்.